கல் நெற்றியில் நான் போட்ட வெண்கட்டிச் சிலுவை

அன்று விபூதிப் புதன். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நேரே வேலைக்கு வந்திருந்தேன். சாம்பல் அழியக் கூடாதென்று ஹெல்மெட்டைப் பின்மண்டையில் தொங்கவிட்டபடி தூக்கிக் கூடையில் ஏறினேன். கீழே நின்ற மனுவேலுக்குப் பொறுக்கவில்லை.

"றெஜி, ஹெல்மெட்டை ஒழுங்காப் போடு! நீ விழுந்து செத்தால் பேப்பர் நிரப்பிறது நான்தான்!"

மனுவேல் என் முதலாளி. போர்த்துக்கேயர். பழைய கட்டடங்களின் கல்வேலையைத் திருத்துகிற சின்னக் கொம்பனி அவருடையது. நாங்கள் இருவரும் உடைந்த ஆங்கிலத்தில்தான் கதைப்போம். ஆனால் இருபது வருசமாக அவர் வாயைத் திறந்தால் எனக்கு என் ஊரான தீவுப்பகுதியின் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ டவுன்ரவுனுக்குக் கிழக்கே, தண்டவாளத்தில் ஸ்றீற்கார் ஓடும் தெருவில் அந்தக் கட்டடம் நின்றது. நூறு வருசத்துக்கு மேலான பண்டசாலை. பின்பக்கத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள், இங்கத்தைப் பேச்சில் கொண்டோ, கட்டப் போகிறார்கள். முன்சுவரை மட்டும் வைத்திருக்க வேண்டும் என்பது நகரசபையின் கட்டளை. அந்தச் சுவரில் எந்தக் கல் பிழைக்கும், எந்தக் கல் பிழைக்காது என்று பார்த்துச் சொல்வதுதான் அன்று என் வேலை.

வாசல் வளைவின் உச்சிக்கல்லில் ஒரு முகம் இருந்தது. உச்சிக்கல் என்றால், வளைவின் நடுவில் இரண்டு பக்கக் கற்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் கல். மற்ற யன்னல்களுக்கு மேல் சிங்கமும், தாடிக்கார அரசனும், திராட்சைக்குலை வைத்த பெண்ணும் இருந்தார்கள். வாசலில் மட்டும் ஒரு கூலியாள். தட்டைத் தொப்பி, உடைந்து வளைந்த மூக்கு, ஏதோ சொல்ல வந்ததுபோல் கொஞ்சம் திறந்த வாய்.

சின்னச் சுத்தியலால் அவன் கன்னத்தில் தட்டினேன். டொக். தாடையில் தட்டினேன். டொக். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். உள்ளே உளுத்த கல் பூசணிக்காயைத் தட்டியதுபோல் இருக்கும். நாங்கள் அதைச் செத்த கல் என்போம்.

செத்த கல்லுக்கு வெண்கட்டியால் சிலுவைக் குறி போடுவது எங்கள் வழக்கம். முகத்தில் வேறு தட்டையான இடம் இல்லாததால் நெற்றியில் போட்டேன். போட்டபிறகுதான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சாம்பல் பூசின மாதிரி எதிரெதிரே நின்றோம்.

அன்றே தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்: உச்சிக்கல் செத்துவிட்டது, அகற்றலாம்.

"கல்லுடைக்கவோ கனடா வந்தனீ?"

கேட்டது என் மச்சாள் பிலோமினா. அவர் என் கணவரின் மூத்த அக்கா. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்துகொண்டு, ஸ்காபரோவில் யார் வீட்டில் என்ன கறி என்பது வரை அறிந்தவர்.

அகதியாக வந்த புதிதில் நானும் எல்லோரையும்போல் ஒஃபீஸ் கட்டடங்களைக் கூட்டித் துடைத்தேன். ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்த கட்டடத்தின் வெளிச்சுவரை மனுவேலின் ஆட்கள் திருத்திக்கொண்டிருந்தார்கள். சாந்து குழைக்கிறவன் வரவில்லை. "நான் குழைக்கட்டே?" என்று கேட்டேன். சிரித்தார்கள். குழைத்தேன். சிரிப்பு நின்றது.

பிறகு உளி பிடித்தேன். பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்தேன். கைக்காய்ப்பு வந்தது. கலியாண வீடுகளில் கையை மடித்து வைத்துக்கொண்டு இருந்த காலமும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் பிலோமினா மச்சாள் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டில், சபை நடுவில், அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எங்கடை ஊரிலை மறியல்காரர்தான் கல்லுடைக்கிறது. நீ என்ன களவெடுத்தனியே?"

"மச்சாள், களவெடுத்தவை எல்லாம் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு உங்கடை மேசையிலை இருக்கினம். நான் உழைச்சுச் சாப்பிடுறன்" என்றேன்.

அதன்பின் இரண்டு வருசம் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. நல்ல இரண்டு வருசம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பிழைவிட்டால் சிரிக்க ஆட்கள் எங்கும் காத்திருந்தார்கள். வீட்டுப் பக்கத்திலும் இருந்தார்கள், வேலைத்தளத்திலும் இருந்தார்கள். ஆண் பிழைவிட்டால் அது அவன் பிழை. நான் பிழைவிட்டால் "பொம்பிளையை ஏத்தினால் உப்பிடித்தான்." அதனால் நான் பிழையே விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். விட்டாலும் ஒத்துக்கொண்டதில்லை. அது கெட்ட குணம், எனக்குத் தெரியும்.

அந்த வருசம் மனுவேல் என்னை ஃபோர்மன் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். விபூதிப் புதனன்று நான் ஒரே நாளில் முழுச் சுவரையும் பார்த்து முடித்ததே, நான் அதற்குத் தகுந்தவள் என்று காட்டத்தான்.

யாக்கோப் என்ற ஜேர்மன்காரன்

அகற்றுகிற கல்லின் பழைய படம் ஒன்று அறிக்கையோடு இருக்க வேண்டும் என்று நகரசபை கேட்டது. படம் தேடி நூலகத்துக்குப் போனேன். அங்கே பழைய தாள்களைப் பார்க்கும் ஒரு ஜேர்மன் பெண்மணி இருந்தார். முகத்தின் படத்தை நான் ஃபோனில் காட்டியதும், "ஓ, யாக்கோப்பின் ஆள்!" என்றார். எனக்குத் திடுக்கிட்டது, ஏனென்றால் என்னைப் பெற்ற ஐயாவின் பெயரும் யாக்கோப்பு.

ஒரு ஜேர்மன் கிறிஸ்தவக் கோவில் மூடப்பட்டபோது அதன் தாள்கள் இங்கே வந்தனவாம். அதில் யாக்கோப் என்ற கொத்தன் தன் தங்கைக்கு எழுதி, ஆள் இல்லை என்று திரும்பி வந்த கடிதங்கள் ஒரு கட்டு, அவற்றின் நடுவில் அந்த வாசல் முகத்தின் பழைய படம் ஒன்று. அந்தப் பெண்மணி எனக்கு மூன்று சனிக்கிழமை வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார். தேத்தண்ணிகூடக் குடிக்க விடாத இடம் அது. நான் அசையவில்லை.

அவன் ஆற்றோரம் சிவப்பு மணற்கல் வெட்டும் ஊரில் பிறந்தவன். மீசை முளைக்க முதல் உளி பிடித்தவன். தொழில் பழகி முடித்ததும் அவர்களின் வழக்கப்படி மூன்று வருசமும் ஒரு நாளும் ஊர் ஊராய் அலைந்து வேலை செய்ய வேண்டும். அந்தக் காலத்துக்குள் சொந்த ஊர்ப் பக்கம் தலைவைக்கக் கூடாது. அவன் அலைந்தான். பெரிய கோவில் ஒன்றில் புனிதர்களுக்குப் புது மூக்கும் விரலும் செதுக்கினான். பிறகு கப்பலேறினான். மூன்று வருசம் முடிந்தும் ஊருக்குப் போகாத ஆள் என்று தன்னைத்தானே கிண்டல் செய்து எழுதியிருக்கிறான். அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

இங்கே முதலில் ஜேர்மன் குடியேறிகளின் ஊர்களில் கல்லறைக் கற்கள் வெட்டினான். செத்த குழந்தைகளுக்கு ஆட்டுக்குட்டி, கிழவர்களுக்குக் கோத்த கைகள். ஆட்டுக்குட்டி செதுக்கிச் செதுக்கி வெறுத்துப்போனதாக எழுதியிருக்கிறான். அத்தனை குழந்தைகள் செத்தன. அதனால்தான் இந்தப் பண்டசாலை வேலை கிடைத்ததும் ஓடி வந்தான்.

வாசலுக்குப் பண்டசாலை முதலாளியின் தகப்பன் முகத்தைச் செதுக்க வேண்டும் என்பது பேச்சு. படமும் கொடுத்தார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது செங்கல் சுமக்கும் ஓர் ஐரிஷ்காரன் பலகை முறிந்து விழுந்து செத்தான். முதலாளி அரைநாள்கூட வேலையை நிறுத்தவில்லை. யாக்கோப் படத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த ஐரிஷ்காரனின் முகத்தைச் செதுக்கி மேலே ஏற்றிவிட்டான்.

முதலாளி வந்து பார்த்துக் குதித்தார். உடனே கொத்தி எடு என்றார். யாக்கோப் மாட்டேன் என்றான். மற்றக் கொத்தர்களிடம் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக உளிகளைப் பைக்குள் போட்டுவிட்டு நடைபாதையில் குந்திவிட்டார்கள். திறப்பு விழா நெருங்கிவிட்டது. முகம் தப்பியது.

யாக்கோப்புக்கு அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. திரும்பவும் ஆட்டுக்குட்டி. கல்தூசு நெஞ்சில் இறங்கி, கிழவனாகாமலே போய்ச் சேர்ந்தான். அவனைப் புதைத்த இடத்தை நான் தேடியும் கண்டுபிடிக்கவில்லை.

கதை கேட்டுக் கவலைப்பட்டேன். ஆனால் செத்த கல் செத்த கல்தானே? அழுதால் அது எழும்புமா? படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ணங்

கோடை வந்தது. சுவரைச் சுற்றி ஸ்கஃபோல்ட் ஏறிற்று. புத்தகத் தமிழில் அதைச் சாரம் என்பார்கள். எங்கள் ஆட்களுக்குச் சாரம் என்றால் ஆண்கள் இடுப்பில் கட்டுவது. ஆகவே ஸ்கஃபோல்ட்.

கொண்டோக்காரர்களுக்கு அந்த முகம் என்றைக்குமே பிடித்ததில்லை. வீடு வாங்க வருகிறவர்களைப் பயமுறுத்துகிறதாம். அதன் இடத்தில் கட்டடத்தின் புதுப் பெயரைப் பொறித்த வெறுங்கல் ஒன்றை வைக்கப் போகிறார்கள். கல் செத்துவிட்டது என்று நான் வைத்த கையெழுத்தைக் காட்டித்தான் நகரசபையிடம் அனுமதி எடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை வெட்டு.

திங்கட்கிழமை மத்தியானம், எங்கே வெட்டுவது என்று கோடு போட ஏறினேன். வெய்யில் மண்டையைப் பிளந்தது. மூன்று கிழமையாக ஒரு துளி மழை இல்லை. கோடு போட முதல், பழக்கதோசத்தில் சுத்தியலால் ஒரு தட்டு.

ணங்.

கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பவும் தட்டினேன். கன்னம், ணங். தாடை, ணங். தொப்பி விளிம்பு, ணங். அவன் திறந்த வாய்க்குள்ளிருந்து மணி அடிப்பதுபோல் இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விபூதிப் புதனன்று உறைபனி உருகிச் சுவர் முழுக்கத் தண்ணீர் குடித்து நின்றது. காற்று மேற்பரப்பை மட்டும் காயவைத்திருந்தது. ஈரக்கல் எப்போதும் டொக் என்றுதான் சொல்லும். நனைந்த கல்லைத் தட்டித் தீர்ப்புச் சொல்லாதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். சாந்து குழைக்கிறவனுக்கும் தெரியும். ஃபோர்மன் ஆகும் அவசரத்தில் நான் அதை மறந்துபோனேன்.

யாக்கோப் பிழைவிடவில்லை. கல்லை மண்ணுக்குள் படுத்திருந்த அதே பக்கமாகவே படுக்கவைத்துச் செதுக்கியிருந்தான். அரசனும் சிங்கமும் வேறு யாரோ செய்தவை, கல்லின் ஏடுகளை நட்டுக்கு, செங்குத்தாக, நிறுத்தியவை. அவற்றின் முகம் பரோட்டாபோல் ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. இவனுக்கு ஒரு கீறல் இல்லை. தாடைக்குக் கீழே, ஏறி நிற்பவருக்கு மட்டும் தெரியும் இடத்தில், கோழிக்கால்போல் மூன்று கீற்று. அவனுடைய குறி.

உயிரோடிருந்த ஆளுக்கு மரணச் சான்றிதழ் எழுதியவள் நான். பலகையில் குந்தியிருந்து வெட்கத்தில் அழுதேன்.

வீட்டில்

வோபர்னில் எங்கள் குசினி மேசையில் என் கணவர் அன்ரனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிறம்ரனில் ஒரு வெயாஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். தலையைச் சொறிந்தார்.

"உது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு மட்டும்தானே? வியாழன் வெட்டினால் அலுவல் முடிஞ்சுது. அடுத்த மாசம் நீ ஃபோர்மன். கல்லுக்கு வாய் இல்லை, நீயும் வாயைப் பொத்திக்கொண்டு இரு."

"அந்தக் கல்லுக்கு வாய் இருக்கப்பா. திறந்துதான் வைச்சிருக்கு."

"உனக்கு விசரே? பிழை எண்டு ஒத்துக்கொண்டால் அவங்கள் உன்னை நாலாய்க் கிழிப்பாங்கள். இவ்வளவு நாளும் ஒரு சொல் கேக்காமல் நிண்டனி."

"அதுதானப்பா எனக்கும் பயம்" என்றேன். அவருக்கு முன்னால் நான் பயம் என்று சொன்னது அதுதான் முதல்தரம். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, லப்டொப்பைத் திறந்து, "சொல்லு, அடிக்கிறன்" என்றார்.

கடிதம் நாலு வரி. உச்சிக்கல்லை நான் ஈரத்தில் சோதித்தேன். அது என் பிழை. கல் நல்ல கல். அதை அகற்றக் காரணம் இல்லை.

பிழை என்ரை

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டம் வாசலுக்கு முன்னால். மனுவேல், கொண்டோக்காரரின் ஆள், எங்கள் கொத்தர்கள் எல்லோரும் கோப்பியோடு நின்றார்கள். கடிதத்தை மனுவேலின் கையில் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"பிழை என்ரை. கல்லிலை பிழை இல்லை. ஈரத்திலை தட்டிப் போட்டன்."

பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

கொண்டோக்காரரின் ஆள் மணிக்கூட்டைப் பார்த்தான். புதுக் கல் வந்து இறங்கிவிட்டது, அனுமதி கையில் இருக்கிறது, முதல் கடிதமே போதும் என்றான். மனுவேல் என்னை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"றெஜி, இதைக் கிழிச்சு எறி. நான் பாக்கேல்லை, நீ தரேல்லை."

"நீங்கள் நகரசபைக்கு அனுப்பாட்டில் நான் அனுப்புவன்."

"அனுப்பினால் உனக்கு இஞ்சை வேலை இல்லை. ஃபோர்மனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!"

"மண் குழைச்சுத்தானே வந்தனான். திரும்பக் குழைப்பன்."

உளிகளைப் பைக்குள் போட்டேன். இரும்போடு இரும்பு முட்டிய சத்தம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டதாக எனக்கு நினைப்பு. உண்மையில் ஸ்றீற்கார் போய்க்கொண்டிருந்தது, ஒருவருக்கும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை அனுப்பினோம். அடுத்த நிமிசமே பதில் வந்தது: பத்து வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம். வெட்டுக்கு இருந்தது இரண்டு நாள். அன்ரன் தமிழில் ஒரு சொல் சொன்னார். வாரப் பத்திரிகையில் அதை எழுத ஏலாது.

வியாழன்

வியாழன் காலை அந்தத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஏன் போனேன்? தடுக்க வழியில்லை. ஆனால் அவனை வெட்டும்போது பார்க்க ஒருவராவது நிற்க வேண்டும் என்று பட்டது. ஐரிஷ்காரன் விழுந்தபோது அரைநாள்கூட நிற்காத வாசல் அது.

எனக்குப் பதிலாக ஸ்தெஃபான் என்ற போலந்துக்காரனைப் பிடித்திருந்தார்கள். வேறு கொம்பனிக்காரன். ஓரிரு வேலைகளில் ஒன்றாக நின்றிருக்கிறோம், அதிகம் கதைக்காத ஆள். என் கடிதத்தைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேலே ஏறினான். வெட்டு மெஷினைப் பலகையில் வைத்தான். முகமூடியைப் போட்டான்.

பிறகு, எந்தக் கொத்தனும் செய்வதைச் செய்தான். மெஷினைத் தொடமுதல் சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான்.

தெருவில் லொறி, பஸ், சனம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவனுடைய கை அந்தரத்தில் நின்றதைக் கண்டேன். இன்னொருக்கால் தட்டினான். முகமூடியைக் கழற்றினான். நெற்றியில், தொப்பி விளிம்பின் கீழ் மழை படாமல் கிடந்த வெண்கட்டிச் சிலுவையைத் தடவிப் பார்த்தான். கீழே மனுவேல் கத்தினார். ஸ்தெஃபான் குனிந்து ஏதோ சொன்னான். மனுவேல் இன்னும் பெரிதாகக் கத்தினார். அவன் மெஷினின் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

அவன் சொன்னது இதுதான் என்று பிறகு அறிந்தேன்: "நல்ல கல். ஏறி வந்து நீயே தட்டிப் பார்."

மனுவேலுக்கு முழங்கால் வருத்தம். ஏணி ஏறி வருசக்கணக்கு. கொண்டோக்காரரின் ஆள் என்னவோ சொல்லிக்கொண்டிருக்க, அவர் திரும்பியும் பாராமல் ஏறினார். மேலே போய் சுத்தியலை வாங்கித் தட்டினார். அந்த மனிசன் முதலாளி ஆகமுதல் இருபது வருசம் கொத்தன். காதுக்குப் பொய் சொல்ல அவரால் முடியாது. எவ்வளவு நேரம் மேலே நின்றாரோ தெரியாது, மூன்று ஸ்றீற்கார் போனது.

இறங்கியவர் கொண்டோக்காரரின் ஆளிடம் கையை விரித்தார். "என்ரை ஆக்கள் வெட்டமாட்டினம். நானும் வெட்டமாட்டன்." பிறகு தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"திங்கள் வேலைக்கு வா. ஃபோர்மன் கிடையாது."

"ஓம்" என்றேன்.

கொண்டோக்காரர் வேறு ஆள் தேட முதல், என் கடிதத்தைப் பார்த்து நகரசபை அனுமதியைத் திரும்ப எடுத்தது. ஃபோர்மன் தொப்பி, செவ்வாய்க் கூட்டத்தில் பின்னால் நின்று சிரித்தவனின் தலையில் ஏறியது. எனக்கு எரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் எரிகிறது. பிலோமினா மச்சாள் ஃபோன் எடுத்து, "என்னடி, ஒரு கல்லுக்காண்டி உத்தியோகத்தை விட்டனியாம்?" என்று கேட்டார். "ஓம் மச்சாள், வந்து பாருங்கோ, உங்களைவிட வடிவான மூஞ்சை" என்றேன். இன்னொரு இரண்டு வருசம் நிம்மதி.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டு ஏறினேன். என் சிலுவையைத் தேய்த்துக் கழுவினேன். வெண்கட்டி பால்போல் அவன் மூக்கால் வடிந்தது.

இந்த வருச விபூதிப் புதனன்றும் பூசைக்குப் போனேன். "நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்" என்று சொல்லிச் சுவாமி நெற்றியில் சாம்பல் பூசினார். அப்படியே ஸ்றீற்கார் பிடித்து அந்த வாசலுக்குப் போய், நடைபாதையில் நின்று மேலே பார்த்தேன். என் நெற்றியில் சிலுவை இருந்தது. அவன் நெற்றி வெறும் நெற்றி.

"நான் போவன்டா" என்றேன், வாய்விட்டு, தமிழில். "நீ நில்லு."